பிளாஸ்டிக் சிம்மாசனம் 1.49 மில்லியன் டாலர்: டிவி தொடர் ஏலத்துல என்னதான் விக்கிறாங்க?

2024 அக்டோபர்ல அமெரிக்காவோட டல்லஸ் நகரத்துல ஹெரிட்டேஜ் ஆக்ஷன்ஸ்ங்கிற ஏல நிறுவனம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர்ல வந்த உடுப்பு, வாள், கவசம், நகைன்னு 900 ஐட்டத்துக்கு மேல மூணு நாளா ஏலம் விட்டாங்க, மொத்த வசூல் 21 மில்லியன் அமெரிக்க டாலரைத் தாண்டிடுச்சு. இரும்புச் சிம்மாசனம் மட்டுமே 1.49 மில்லியன். செய்தியைப் படிச்ச நிறைய பேரைக் குழப்பினது அதுக்குக் கீழ இருந்த இன்னொரு வரி: அந்தச் சிம்மாசனம் இரும்பே இல்ல, பிளாஸ்டிக். ஒரிஜினல்லேர்ந்து அச்சு எடுத்து வார்த்து, மேல உலோக நிறம் பூசி, ரசிகர்கள் பார்க்கிறதுக்காக ஊர் ஊரா கொண்டுபோனது.

அப்போ ஏன் இந்த விலை? ஒரிஜினல்னு எதைச் சொல்றாங்க? சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு நாமளும் ஆன்லைன்ல ஏலம் கேட்கலாமா, கேட்டா கைக்கு வந்து சேர்றப்போ எவ்வளவு ஆகும்? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

இந்தச் சாமானெல்லாம் ஏன் விக்க வருது

ஒரு தொடர் அஞ்சாறு சீசன் ஓடுச்சுன்னா உடுப்பு, செருப்பு, மேசை நாற்காலி, கத்தி கேடயம்னு ஒரு கிடங்கே ரொம்பிடும். ஷூட்டிங் ஆளுங்க உடுத்துறதை காஸ்ட்யூம்னும், கையில எடுக்கிற, செட்ல வைக்கிற சாமானை ப்ராப்பர்ட்டின்னும், சுருக்கமா ப்ராப்னும் சொல்வாங்க. தொடர் முடிஞ்சதும் அதுங்க போற வழி இதுதான்:

1. வாடகைக்கு எடுத்தது காஸ்ட்யூம் கம்பெனிக்கே திரும்பிப் போயிடும்.
2. சிலது அடுத்த தயாரிப்புக்கு மாத்தித் தைச்சு, வேற பெயின்ட் அடிச்சு ஓடும். ஒரு தடவை மாத்திட்டா பழைய அடையாளம் போச்சு.
3. மிச்சம் கிடங்குல கிடக்கும், இடத்துக்கு வாடகை ஏறிக்கிட்டே இருக்கும், ஒரு கட்டத்துல ஸ்டூடியோ வித்துடலாம்னு முடிவு பண்ணும்.

காசு எப்பவும் ஸ்டூடியோ பாக்கெட்டுக்குத்தான் போகுதுன்னும் இல்ல. 2024 பிப்ரவரில லண்டன்ல போன்ஹாம்ஸ் நிறுவனம் 'த கிரவுன்' தொடர்ல வந்த சாமான்களை வித்துச்சு, அரச தங்க ரதத்தோட நகல் கூட அதுல இருந்துச்சு, நேரடி ஏலத்துல வந்த பணம் அங்க இருக்கிற தேசிய திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளி மாணவர்களுக்கான உதவித்தொகைக்குப் போச்சு.

முதல்ல சொன்ன வாடகை விஷயத்துல ஒரு நல்ல உதாரணம் இருக்கு, இது சினிமா சமாச்சாரம்தான், ஆனா இந்த முழுத் தொழிலையும் புரிஞ்சுக்க இது ஒண்ணு போதும். முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துல அலெக் கின்னஸ் போட்டிருந்த பழுப்பு அங்கி லண்டன் ஏஞ்சல்ஸ் காஸ்ட்யூம் கம்பெனில மத்த துறவி அங்கிகளோட ஒண்ணா தொங்கிக்கிட்டு வாடகைக்குப் போய்ட்டு வந்துக்கிட்டு இருந்திருக்கு. அது எந்த அங்கின்னு கண்டுபிடிச்ச பிறகு 2007-ல போன்ஹாம்ஸ் ஏலத்துல 54,000 பவுண்டுக்குப் போச்சு. துணி அதே துணி, தையல் அதே தையல். அது திரையில வந்த அங்கிதான்னு தெரிஞ்சதுதான் புதுசு. இந்த மாதிரி ஏலத்துல காசு போறதே அந்த நிரூபணத்துக்குத்தான், கீழ வர்ற எல்லாமே இதைச் சுத்தித்தான்.

ஒரே வாள், அஞ்சு வகை

ஏலப் பட்டியல்ல ஒரு ஐட்டத்தைப் பார்த்தா முதல்ல கண்டுபிடிக்க வேண்டியது அது எந்த வகைன்னு. ஒரு காட்சிக்கு ஒரே ஒரு வாள் வச்சு யாரும் ஷூட் பண்ண மாட்டாங்க.

1. ஹீரோ ப்ராப்: கேமரா கிட்டக்க போறப்போ காட்டுறதுக்காக நுணுக்கமா செஞ்சது. வில்லன் கையில இருந்தாலும் இதுக்குப் பேர் ஹீரோதான். விலையில முதல் இடம் இதுக்கு.
2. ஸ்டன்ட்: சண்டையில யாருக்கும் அடிபடாம இருக்க ரப்பர்லயோ ஃபோம்லயோ செஞ்சது. இதுவும் திரையில வந்ததுதான், ஆனா கிட்டத்துல பார்த்தா வேலைப்பாடு இருக்காது.
3. பேக்கிரவுண்ட்: பின்னாடி நிக்கிற நூறு வீரர்கள் கையில இருந்தது. வாங்கணும்னு ஆசைப்படுற சாதாரண ரசிகருக்குக் கட்டுப்படியாகிறது பெரும்பாலும் இதுதான்.
4. தயாரிப்புக்காகச் செஞ்சது, திரையில வராதது: ஸ்பேரா வச்சது, விளம்பரத்துக்கோ கண்காட்சிக்கோ செஞ்சது. அந்தப் பிளாஸ்டிக் சிம்மாசனம் இந்த வகைதான்.
5. ரெப்ளிகா: தயாரிப்புக்குச் சம்பந்தமே இல்லாம பின்னாடி வேற யாரோ செஞ்ச நகல். லைசென்ஸ் வாங்கிச் செஞ்சது ஒரு ரகம், வாங்காம செஞ்சது இன்னொரு ரகம்.

உடுப்புலயும் இதே கதைதான். மழைக் காட்சி, ரத்தக் கறை, டூப் ஆர்டிஸ்ட்டுன்னு ஒரே சட்டையை நாலஞ்சு செட் தைப்பாங்க. டூப் போட்ட சட்டையை நடிகர் போட்டதுன்னு நினைச்சு வாங்கிட்டு ஏமாந்தவங்க நிறைய பேர் உண்டு, அதனாலதான் விவரணையில 'அணிந்தது', 'அணிவதற்காகத் தைத்தது', 'அதே பாணியில் அமைந்தது'ன்னு ஒவ்வொரு சொல்லையும் அளந்து போடுவாங்க. முதல் சொல் இருந்தா ஒரு விலை, மூணாவது சொல் இருந்தா அதுல பாதி கூட பெறாது.

நம்ம ஊர் உதாரணம் வேணும்னா சிங்கப்பூர் காமெடித் தொடர் நாயகன் புவா சூ காங்கோட மஞ்சள் பூட்ஸை எடுத்துக்கோங்க. 90-கள்ல இங்க டிவி பார்த்த யாருகிட்டயும் அந்த நிறத்தைச் சொன்னாலே ஆள் யாருன்னு சொல்லிடுவாங்க. அதே மாதிரி மஞ்சள் பூட்ஸ் ஹார்டுவேர் கடையில ரொம்ப சாதாரண விலைக்குக் கிடைக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சா கண்ணால பார்த்து எது ஷூட்டிங்ல போட்டதுன்னு சொல்ல முடியாது. அப்போ எதை வச்சு சொல்றது? அதுக்கு முன்னாடி விலைக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துடுவோம்.

விலை எதுல ஏறுது

பொருளோட தயாரிப்புச் செலவுக்கும் ஏல விலைக்கும் சம்பந்தமே கிடையாது. 'பிரேக்கிங் பேட்' தொடர் முடிஞ்சப்போ 2013-ல ஆன்லைன்ல நடந்த ஏலத்துல வால்ட் விட்மன் கவிதைப் புத்தகம் ஒண்ணு 65,500 டாலருக்குப் போச்சு. அந்தக் கவிதைகளைப் பழைய புத்தகக் கடையில சில டாலருக்கு வாங்கிடலாம். ஆனா கதையில ஹேங்க்ங்கிற போலீஸ் அதிகாரிக்குத் தன் சொந்தக்காரர்தான் குற்றவாளின்னு புரியறது அந்தப் புத்தகத்தைப் பிரிச்சுப் பார்க்கிற நொடியிலதான், தொடரோட மொத்தக் கதையும் அங்கதான் திரும்புது. அதே ஏலத்துல பேச முடியாத ஒரு கிழவர் சக்கர நாற்காலியில உக்காந்து அடிக்கிற மேசை மணி 26,750 டாலர். கதையோட பாரம் எந்தப் பொருள் மேல விழுந்துச்சோ அதுக்குத்தான் கூட்டம்.

அடுத்தது, பொருள் திரையில எவ்வளவு நாள் இருந்துச்சுங்கிறது. 'சியர்ஸ்' தொடர் 1982-லேர்ந்து 1993 வரைக்கும் கிட்டத்தட்ட முழுசா ஒரு மதுக்கூடத்துக்குள்ளயே நடக்குற கதை, அந்த பார் கவுன்டர் 2023-ல 675,000 டாலருக்கு ஏலம் போச்சு.

இப்போ சிம்மாசனத்துக்கு வருவோம். அது திரையில வந்தது இல்லேன்னாலும், தயாரிப்பு நிறுவனமே ஒரிஜினல்லேர்ந்து அச்சு எடுத்துச் செஞ்சது, ஸ்டூடியோகிட்டேர்ந்தே நேரா ஏலத்துக்கு வந்தது, பல வருஷம் ரசிகர்கள் மத்தியில இருந்தது. பிளாஸ்டிக்ங்கிறதை யாரும் ஒளிச்சு வைக்கல. தெரிஞ்சேதான் ஆறு நிமிஷம் போட்டி போட்டுக் கேட்டாங்க. வாங்கினவர் ஏமாந்துட்டாருன்னு பேசுறவங்க இந்த ஒரு விஷயத்தை விட்டுடுறாங்க, ஏமாத்துன்னா சொன்னது ஒண்ணு, குடுத்தது வேறன்னு இருக்கணும்.

நிஜம்னு எப்படி நிரூபிக்கிறாங்க

காசு போடுறவங்க அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நிரூபணம் மூணு அடுக்கா வருது.

1. கைமாறின வரலாறு. ஸ்டூடியோ கிடங்குலேர்ந்து ஏலக்கூடத்துக்கு நேரா வந்துச்சுன்னா பலமான சங்கிலி. ஸ்டூடியோ, அப்புறம் தொழிலாளி ஒருத்தர், அப்புறம் ஒரு டீலர், அப்புறம் சேகரிப்பாளர்னு வந்தா ஒவ்வொரு கைமாறலுக்கும் ரசீதோ கடிதமோ இருக்கணும். ஒரு கண்ணி இல்லேன்னா அதுக்குப் பின்னாடி இருக்கிறது எல்லாம் வாய்வார்த்தை.

2. சான்றிதழ். இதுல யார் கையெழுத்துங்கிறதுதான் முக்கியம். ஸ்டூடியோ குடுத்தது ஒரு தரம், பேர் பெத்த ஏல நிறுவனம் குடுத்தது அடுத்த தரம், விக்கிறவரே கம்ப்யூட்டர்ல அடிச்சு ஹாலோகிராம் ஒட்டிக் குடுத்தது வெறும் காகிதம்.

3. திரையோட ஒப்பிடுறது. இதை ஸ்க்ரீன் மேட்ச்னு சொல்வாங்க, மூணுலயும் நம்பகமானது இதுதான். பூப்போட்ட சட்டை ஒண்ணுன்னு வச்சுக்குவோம். ஒரே சுருள் துணியிலேர்ந்து அஞ்சு சட்டை வெட்டினாலும் கத்திரி விழற இடம் ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் தள்ளிப்போகும், ஒரு சட்டையில மூணாவது பட்டன் பக்கத்துல இலை பாதியா வெட்டுப்பட்டு இருக்கும், இன்னொண்ணுல அந்த இடத்துல முழுப் பூ இருக்கும், பாக்கெட்டுல இருக்கிற கொடி சட்டையில இருக்கிற கொடியோட சேராம அரை அங்குலம் இறங்கி இருக்கும். தொடரை நல்ல தரத்துல ஓட்டி, அந்தக் காட்சியை நிறுத்தி, பட்டன் பட்டனா ஒப்பிட்டா இது அதே சட்டையா இல்ல அதோட அண்ணன் தம்பியான்னு தெரிஞ்சுடும். மரச் சாமான்ல மர ரேகை, தோல் பெல்ட்ல கீறல், வாள் பிடியில பெயின்ட் உரிஞ்ச இடம், எல்லாமே இதே வேலையைச் செய்யும். சட்டைக் காலருக்குள்ள நடிகர் பேர் போட்டுத் தைச்ச துணி லேபிள் இருந்தா கூடுதல் பலம், ஆனா லேபிளைப் பிரிச்சு வேற சட்டையில தைச்சுடலாம், பூவோட இடத்தை மாத்த முடியாது.

பெரிய நிறுவனம் நடத்துற ஏலம், ஸ்டூடியோகிட்டேர்ந்தே வருது, அப்போ சரிபார்க்கத் தேவையில்லன்னு நினைக்க வேண்டாம். 2006-ல நியூயார்க்ல கிறிஸ்டீஸ் நடத்தின 'ஸ்டார் ட்ரெக்' ஏலம் 7 மில்லியன் டாலருக்கு மேல போச்சு, எண்டர்பிரைஸ் விண்கலத்தோட மாடல் ஒண்ணு மட்டும் 576,000 டாலர். அதே ஏலத்துல ரசிகர் ஒருத்தர் அந்தத் தொடர்ல வர்ற டேட்டாங்கிற ரோபோ கதாபாத்திரம் சீட்டாட்டத்துல போடுற நெற்றி மறைப்பை 6,000 டாலருக்கு வாங்கி, அப்புறம் ஒரு ரசிகர் மாநாட்டுல அந்த நடிகர் பிரென்ட் ஸ்பைனர்கிட்டயே கையெழுத்துக்கு நீட்டினப்போ, நான் போட்டது இது இல்ல, அதை நானே ஏற்கெனவே வித்துட்டேன்னு அவர் சொன்னதா ஏல நிறுவனத்து மேலயும் ஸ்டூடியோ மேலயும் வழக்கு போட்டாரு. ஸ்டூடியோ கிடங்குல ஒரே பொருள் ரெண்டு மூணு இருக்கிறதும், எது எந்தக் காட்சியில போச்சுன்னு அன்னைக்கே எழுதி வைக்காததும்தான் இந்த மாதிரி தகராறுக்கெல்லாம் வேர்.

ஏலம் நடக்கிற விதம்

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்ங்கிறது நமக்குத் தெரிஞ்சதுதான். தெரிய வேண்டியது மிச்சம் நாலு:

1. மதிப்பீடு: பட்டியல்ல போட்டிருக்கிற உத்தேச விலை. கூட்டத்தை இழுக்கக் குறைச்சே போடுறதும் உண்டு, அதை நம்பி பட்ஜெட் போடாதீங்க.
2. குறைந்தபட்ச விலை: ரிசர்வ்னு சொல்வாங்க. கேட்கிற தொகை அது வரைக்கும் வரலேன்னா பொருள் விக்காது.
3. சுத்தியல் விலை: கடைசியா கேட்ட தொகை.
4. வாங்குறவர் கமிஷன்: சுத்தியல் விலைக்கு மேல ஏல நிறுவனத்துக்கு நாம குடுக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பொதுவா 20 சதவீதத்துக்கு மேல இருக்கும், 25-ஐத் தாண்டுறதும் உண்டு, பெரிய தொகைக்குக் கொஞ்சம் குறையும்.

நாலாவதுதான் நம்ம ஆளுங்களை அடிக்கிறது. 2024 டிசம்பர்ல 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்துல வந்த சிவப்புச் செருப்பு ஏலத்துல சில செய்தி 28 மில்லியன்னு போட்டுச்சு, சில செய்தி 32.5 மில்லியன்னு போட்டுச்சு, ரெண்டும் சரிதான். முதலாவது சுத்தியல் விலை, ரெண்டாவது கமிஷன் சேர்த்தது.

சிங்கப்பூர்ல நடக்கிற ஏலம்னா நம்ம சரக்கு விற்பனைச் சட்டத்துல ஏலத்துக்குன்னே 57-வது பிரிவு இருக்கு. சுத்தியல் விழற வரைக்கும் ஏலம் கேட்டவர் தான் சொன்ன தொகையைத் திரும்ப வாங்கிக்கலாம், விழுந்துடுச்சுன்னா ஒப்பந்தம் முடிஞ்சது. விக்கிறவர் முன்கூட்டியே அறிவிக்காம தானே கேட்டு விலையை ஏத்தினா, இல்ல ஆள் வச்சு ஏத்தினா, அதை மோசடியா எடுத்துக்க வாங்கினவருக்கு உரிமை உண்டு. சின்ன தொகைத் தகராறுன்னா 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா 30,000 வெள்ளி வரைக்கும், சிறு கோரிக்கை மன்றத்துக்குப் போகலாம். அமெரிக்க, பிரிட்டன் ஏலத்துக்கு இதெல்லாம் உதவாது. அவங்க விதிமுறையிலயே எந்த ஊர் சட்டம்னு எழுதியிருப்பாங்க, பெரும்பாலும் அவங்க ஊர்தான், 'இருக்கிற நிலையில் விற்பனை'ன்னும் ஒரு வரி இருக்கும். அந்த விதிமுறையை முழுசா படிக்காம பதிவு பட்டனை அமுக்கிடாதீங்க.

இன்னொண்ணு, வாங்கினது பொருளை மட்டும்தான். அந்தக் கதாபாத்திரத்தோட உரிமை ஸ்டூடியோகிட்டயே இருக்கும், அதை வச்சு நகல் செஞ்சு விக்கக் கிளம்பினா சிக்கல்தான்.

சிங்கப்பூருக்கு வந்து சேர என்ன ஆகும்

உதாரணத்துக்கு ஒரு பேக்கிரவுண்ட் உடுப்பை 1,000 அமெரிக்க டாலருக்கு எடுத்துட்டீங்க, கமிஷன் 25 சதவீதம்னு வைங்க.

1. சுத்தியல் விலை: 1,000
2. கமிஷன்: 250
3. பார்சல், இன்ஷூரன்ஸ் உத்தேசமா: 150
4. இதுவரைக்கும்: 1,400
5. இங்க இறக்குமதி ஜிஎஸ்டி 9 சதவீதம்: 126
6. மொத்தம்: 1,526

இதுக்கு மேல குரியர் கம்பெனி வரி கட்டிக் குடுத்ததுக்கு ஒரு சேவைக் கட்டணம் போடும், பேங்க் கார்டுல வெளிநாட்டுப் பணக் கட்டணம் போகும். கேட்கிறப்போ 1,000-னு மனசுல இருந்தது கைக்கு வர்றப்போ ஒண்ணரை மடங்கைத் தாண்டிடுது, அதனால பட்ஜெட்டை மேலேர்ந்து கீழ கணக்குப் பண்ணிட்டு உக்காருங்க. ஜிஎஸ்டியைப் பொருள் விலையில மட்டும் போட மாட்டாங்க, பார்சலும் இன்ஷூரன்ஸும் சேர்த்துத்தான் போடுவாங்க, நிறைய பேர் இதைக் கவனிக்கிறது இல்ல. சுங்க வரின்னு தனியா உடுப்புக்கும் ப்ராப்புக்கும் கிடையாது, அது மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியம் வகைக்குத்தான்.

காசை விடப் பெரிய தலைவலி அனுமதி:

1. வாள், ஈட்டி, துப்பாக்கி மாதிரி: போலீஸ் கட்டுப்பாட்டுல வர்ற பொருள். நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கிற டம்மியும் இதுல அடங்கும். ஏலம் கேட்கிறதுக்கு முன்னாடியே அனுமதி விஷயத்தை விசாரிச்சுடணும், காசு கட்டினப்புறம் விசாரிச்சா பொருள் சுங்கத்துல மாட்டிக்கும்.
2. இறகு, ரோமம், தந்தம், அரிய விலங்குத் தோல்: நேஷனல் பார்க்ஸ் போர்டு அனுமதி தேவைப்படலாம். பழங்காலக் கதைத் தொடர்ல வர்ற அங்கிகள்ல நிஜ ரோமம் இருக்கிறது உண்டு, விவரணையில எந்த விலங்குன்னு இல்லேன்னா எழுதிக் கேளுங்க. தந்தத்தை உள்நாட்டுல விக்கிறதுக்கும் 2021 செப்டம்பர்லேர்ந்து தடை.
3. வேப்பரைசர்: கதாபாத்திரம் கையில வச்சிருந்ததா இருந்தாலும் கொண்டுவரவே முடியாது.

வீட்டுக்கு வந்தப்புறம்

நம்ம ஊர்ல காத்துல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல. ப்ராப் செய்றவங்க அது அஞ்சு வருஷம் நிக்கணும்னே செய்றது இல்ல, ஷூட்டிங் முடியற வரைக்கும் தாங்கினா போதும்னுதான் செய்வாங்க. ஃபோம் லேட்டெக்ஸ் முகமூடி உலர்ந்து விண்டுபோகும், பாலியூரித்தேன் ஃபோம் ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு பிசுபிசுத்து அப்புறம் பொடியா உதிரும், தோல்ல பூஞ்சை புடிக்கும். கேமரா வைக்கிற டிரை கேபினட் சின்ன ப்ராப்புக்கு ரொம்பவே ஏத்தது. உடுப்பைக் கம்பி ஹேங்கர்ல மாட்டினா தோள்பட்டை தையல் இழுத்துக்கும், கனமான உடுப்புன்னா அமிலம் இல்லாத டிஷ்யூ வச்சுப் படுக்கப் போடணும். ஜன்னல் வெயில் படுற இடத்துல வைக்கவே கூடாது, நிறம் போச்சுன்னா திரையோட ஒப்பிடுறதும் கஷ்டமாயிடும். வேர்வைக் கறை, மேக்கப் கறை இருந்தா துவைக்க வேண்டாம், அந்தக் கறையும் ஒரு ஆதாரம்தான்.

நம்ம தொடருங்களுக்கு

அமெரிக்காவுல 'ஆல் இன் த ஃபேமிலி' தொடர்ல ஆர்ச்சி பங்கர் உக்கார்ற நாற்காலி செகண்ட் ஹேண்ட் கடையில சில டாலருக்கு வாங்கினது. 1978-ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அதை நன்கொடையா குடுத்துட்டாங்க, தொடரோ முடியாம இன்னும் ஓடிச்சு, அதனால அதே மாதிரி நாற்காலி புதுசா செய்ய ஆயிரக்கணக்கான டாலர் செலவாச்சு. தொடர் ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே இந்த நாற்காலிக்கு மதிப்பு இருக்குன்னு அங்க ஒருத்தர் யோசிச்சிருக்காரு பாருங்க, அதுதான் எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்சது.

சிங்கப்பூர் டிவி 1963-ல தொடங்கினப்பவே நாலு மொழியில ஒண்ணா தமிழும் இருந்துச்சு. அப்புறம் வசந்தம் முதல்ல வேற ஒரு சேனலோட நேரப் பகுதியா இருந்து 2008-ல தனிச் சேனலாச்சு. இத்தனை வருஷத்துல நம்ம வீட்டுக் கூடத்துக்குள்ள வந்த போலீஸ் சட்டையும், பாட்டி கட்டின சேலையும், ஹாக்கர் கடை செட்ல தொங்கின போர்டும் மில்லியன் டாலருக்குப் போகாது, போகவும் வேண்டாம். ஆனா இங்க தமிழ்ல எப்படிப் பேசினோம், எப்படி உடுத்தினோம், வீட்டுச் சாமி மாடத்தை எப்படி வச்சிருந்தோம்ங்கிறதுக்கு அதுங்கதான் சாட்சி. அதைக் காப்பாத்த பெரிய கட்டடம் எல்லாம் முதல்ல தேவைப்படாது. ஷூட்டிங் முடியற அன்னைக்கு காஸ்ட்யூமர் கையில ஒரு அட்டை வேணும், அதுல தொடர் பேர், எபிசோட் நம்பர், காட்சி நம்பர், போட்டவர் பேர், அது மெயினா டூப்பா ஸ்பேரான்னு ஒரு சொல். நடிகர் அதைப் போட்டிருக்கிறப்போ முன்னாடியும் பின்னாடியும் ஒவ்வொரு போட்டோ. கன்டினியூட்டிக்காக, அதாவது அடுத்த ஷாட்லயும் உடுப்பு அதே மாதிரி இருக்கான்னு பார்க்கிறதுக்காக, அந்தப் போட்டோவை எப்படியும் எடுக்கத்தான் செய்றாங்க, எடிட்டிங் முடிஞ்சதும் அழிக்காம அந்த அட்டையோட சேர்த்து வச்சா நிரூபணம் தயார்.